கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பி: மதர்போர்டிலிருந்து சாக்கெட் வரை

வெளி ஹார்டு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் செருகினால் ஒழுங்காக வேலை செய்கிறது. அதையே முன்பக்கத்தில் செருகினால், பாதி காப்பி ஆகும்போது காணாமல் போய்விடுகிறது. மவுஸும் கீபோர்டும் மட்டும் எங்கே செருகினாலும் ஓடுகின்றன. கம்ப்யூட்டர் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டியவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். இப்படி நடக்கும்போது எந்தப் பாகமும் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் இருக்கும் பாதை எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

பின்பக்க சாக்கெட் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். யூஎஸ்பியை இயக்கும் சிப்செட் என்ற சிப்பிலிருந்து கிளம்பும் சிக்னல் செப்புத் தடம் வழியாக நேரே சாக்கெட்டுக்குப் போய்விடும். முன்பக்கத்தின் பாதை அப்படியில்லை. செப்புத் தடத்தில் ஓடி, ஹெடர் எனப்படும் பின் வரிசையை அடைந்து, அங்கிருந்து கேபிளில் ஏறி, கேபினெட்டின் முன்பலகையில் உள்ள ஒரு சிறு சர்க்யூட் பலகையைத் தொட்டு, அதற்கப்புறம்தான் சாக்கெட்டுக்கு வர வேண்டும். ஹெடர் வரைக்கும் மதர்போர்டு தயாரிப்பாளரின் பொறுப்பு. அதற்கு அப்பால் எல்லாம் கேபினெட் தயாரிப்பாளரின் பொறுப்பு. ஒருவர் பயன்படுத்திய கேபிளை மற்றவர் பார்ப்பதே இல்லை. ஆகவே மதர்போர்டை வடிவமைப்பவர், தன் கண்ணில் படப்போகாத ஒரு கேபிளையும் மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு முடிவையும் எடுக்க வேண்டும். முன்பக்க யூஎஸ்பி வடிவமைப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கீழே வரும் விவரங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

பத்து இடம், ஒன்பது பின்

யூஎஸ்பி 2.0 ஹெடரில் வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசைப் பின்கள். பின்னுக்குப் பின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். ஒரு ஹெடர் இரண்டு சாக்கெட்டுகளுக்கானது. ஒற்றைப்படை எண் கொண்ட பின்கள் ஒரு சாக்கெட்டுக்கும், இரட்டைப்படை எண் கொண்டவை இன்னொன்றுக்கும் போகும். 1, 2 ஆகியவற்றில் 5 வோல்ட். 3, 4 டி மைனஸ். 5, 6 டி பிளஸ். டேட்டா போகும் ஒயர்கள் இவை இரண்டும்தான். 7, 8 மின்சாரம் திரும்பும் வழியான கிரவுண்ட். ஒன்பதாவது இடத்தில் பின் கிடையாது. கேபிள் முனையில் அந்தத் துளை அடைக்கப்பட்டிருக்கும். பத்தாவது பின் இருக்கும், ஆனால் வழக்கமாக அதில் எந்த இணைப்பும் இருக்காது.

அந்த ஒன்பதாவது வெற்றிடம்தான் இந்த அமைப்பின் காவல். ஆரம்பகால மதர்போர்டுகளில் பின் வரிசை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. சிலவற்றில் இரண்டாவது வரிசை முதல் வரிசைக்குத் தலைகீழாக இருக்கும். கேபினெட்டிலிருந்து எட்டு ஒயர்கள் தனித்தனியாகத் தொங்கும். மதர்போர்டு கையேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். 5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறிவிட்டால், செருகிய பென் டிரைவ் அத்தோடு சரி. பிறகு இன்டெல் நிறுவனம் முன்பக்க இணைப்புகளுக்கென ஒரு வடிவமைப்பு வழிகாட்டியை வெளியிட, மற்றவர்களும் அதையே பின்பற்ற, இந்த வரிசை நிலைத்தது.

காவலுக்கும் ஓர் ஓட்டை இருந்தது. ஃபயர்வயர் எனப்பட்ட ஐஇஇஇ 1394 இணைப்புக்கும் ஏறக்குறைய இதே ஹெடர்தான்: வரிசைக்கு ஐந்து, ஒன்பதாவது பின் இல்லை. ஆனால் அதில் 7, 8 ஆகிய பின்களில் 12 வோல்ட் வரும். யூஎஸ்பி கேபிளில் அந்த இடம் கிரவுண்ட்! கேபிள் சிக்கலில்லாமல் உட்கார்ந்துவிடும். செருகிய கருவியும் புகைந்துவிடும். மதர்போர்டுக் கையேடுகளில் இதற்குத் தனி எச்சரிக்கையே அச்சிட்டார்கள். வடிவம் பொருந்துகிறது என்பதற்காக மின்னிணைப்பும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஹெடர் வடிவமைப்பவர் பிளாஸ்டிக் உறை, நிறம், பக்கத்தில் அச்சிடும் பெயர் ஆகியவற்றை அலங்காரமாக நினைக்கக் கூடாது. அவையும் பாதுகாப்பின் பகுதிதான்.

5 வோல்ட் போய்ச் சேரும்போது எத்தனை வோல்ட்?

யூஎஸ்பி 2.0 விதிப்படி, ஒரு சாக்கெட் 500 மில்லியாம்பியர் வரை தர வேண்டும். அப்படித் தரும்போதும் சாக்கெட்டின் வாயில் 4.75 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. கையில் 5.00 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வழியில் இழக்க அனுமதிக்கப்பட்டது 0.25 வோல்ட். கேட்க ஏராளம் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஃப்யூஸ். மதர்போர்டில் பெரும்பாலும் பாலிமர் வகை ஃப்யூஸ் இருக்கும். அதிக மின்சாரம் பாய்ந்தால் சூடாகித் தடுக்கும். ஆறினால் மறுபடி விடும். அதன் மின்தடை 0.1 ஓம் என்று கொள்வோம். அரை ஆம்பியரில் 0.05 வோல்ட் போயிற்று. அடுத்தது கேபிள். 28 கேஜ் ஒயரின் (கேஜ் எண் கூடினால் ஒயர் மெலியும்) மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். கேபிள் அரை மீட்டர்தான், ஆனால் மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆக ஒரு மீட்டர் ஒயர், 0.1 வோல்ட்டுக்கும் சற்று மேலே போயிற்று. பின்னும் துளையும் தொடும் இடங்கள் போக ஒன்றும் வர ஒன்றுமாக இரு முனைகளிலும் நான்கு. ஒவ்வொன்றுக்கும் 30 மில்லிஓம் வைத்தால், இன்னும் 0.06 வோல்ட். கூட்டினால் 0.21 வோல்ட்டைத் தாண்டிவிட்டது. மதர்போர்டின் செப்புத் தடத்தை இன்னும் நாம் சேர்க்கவே இல்லை.

இப்போது அடுத்த விஷயம். மின்வழங்கியின் 5 வோல்ட் சரியாக 5.00 இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கம்ப்யூட்டர் மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் விதி 5 சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. அது 4.90 வோல்ட் தந்தாலே போதும், முன்பக்கத்தில் 4.7க்கும் கீழே போய்விடும். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்ற நிலை. மவுஸுக்குச் சில பத்து மில்லியாம்பியர் போதும் என்பதால் அது இதை உணர்வதே இல்லை. சுழலும் ஹார்டு டிஸ்க் அப்படியல்ல. தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில்தான் அதற்கு அதிக மின்சாரம் வேண்டும், அந்தக் கணத்தில்தான் வோல்டேஜும் இறங்கும்.

கேபினெட் தயாரிப்பவர் 28 கேஜுக்குப் பதில் 24 கேஜ் ஒயரை மின்சாரத்துக்குப் பயன்படுத்தினால், கேபிளில் இழக்கும் 0.1 வோல்ட் 0.04 ஆகிவிடும். டேட்டா ஒயர் மெலிதாக இருக்கலாம். மின்சார ஒயர் தடிமனாக இருப்பதே நல்லது. ஆனால் மதர்போர்டு வடிவமைப்பவரால் அதை உறுதிசெய்ய முடியாது. அவர் கையில் இருப்பது தன் பங்கைச் சிக்கனமாக வைப்பது மட்டும்தான்: மின்தடை குறைந்த ஃப்யூஸ், அகலமான செப்பு, மின்சாரம் நுழையும் இடத்திலிருந்து ஹெடருக்குக் குறுகிய வழி. தனக்குக் கிடைத்த 0.25 வோல்ட் முழுவதையும் தானே செலவழித்துவிட்டு, மீதியைக் கேபிள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது நல்ல வடிவமைப்பாகாது.

ஃப்யூஸைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. பாலிமர் ஃப்யூஸ் மலிவு, ஆனால் மெதுவாக வேலை செய்யும். அதற்குப் பதிலாக மின்சாரத்தை அளந்து துண்டிக்கும் சுவிட்ச் சிப்புகள் உண்டு. அவை வேகமாகத் துண்டிப்பதோடு, சிப்செட்டுக்குத் தகவலும் சொல்லும். அதை வைத்துத்தான் இயங்குதளம் இந்த சாக்கெட்டில் அளவுக்கு மீறிய மின்சாரம் போகிறது என்று திரையில் காட்டுகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சாக்கெட்டுக்கு ஒன்றாக இருந்தால் நல்லது. இரண்டுக்கும் ஒன்றே என்றால், ஒரு சாக்கெட்டில் ஷார்ட் ஆனதும் பக்கத்து சாக்கெட்டில் பாதி எழுதிக்கொண்டிருக்கும் பென் டிரைவும் சேர்ந்து அணைந்துவிடும். இதே காரணத்தால் கேபினெட்டின் சிறு பலகையில் 1, 2 ஆகிய பின்களின் 5 வோல்ட்டை ஒன்றாக இணைப்பதும் தவறு.

மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் தரும் கெபாசிட்டரின் வேலையும் இங்கேதான் வருகிறது. புதிதாக ஒரு கருவியைச் செருகும்போது, அதனுள் காலியாக இருக்கும் கெபாசிட்டர் ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சும். யூஎஸ்பி 2.0 விதி கருவிக்கு 10 மைக்ரோஃபாரட் என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறது. மின்சாரம் தரும் பக்கத்தில் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். இந்தத் திடீர் உறிஞ்சலில் பக்கத்து சாக்கெட்டின் வோல்டேஜ் 0.33 வோல்ட்டுக்கு மேல் சரியக் கூடாது. இந்தக் கெபாசிட்டர் ஹெடரை ஒட்டி இருக்க வேண்டும். தூரத்தில் வைத்தால், இடையில் உள்ள தடத்தின் மின்தடையும் தூண்டலும் அதன் உதவியைத் தாமதப்படுத்திவிடும்.

கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கீபோர்டைத் தட்டி எழுப்ப வேண்டும் என்றால், ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். மின்வழங்கியின் ஸ்டாண்ட்பை வழி பெரிதல்ல. வழக்கமாக 2 முதல் 3 ஆம்பியர், அதுவும் கம்ப்யூட்டர் முழுவதற்குமாக. எல்லா சாக்கெட்டையும் அதில் தொங்கவிடுவதற்கு முன் அந்தக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு ஒயர், ஒரு சிக்னல்

டேட்டா பக்கம் வருவோம். டி பிளஸ், டி மைனஸ் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சிக்னல். ஒன்றில் வோல்டேஜ் ஏறும்போது மற்றதில் இறங்கும். பெறும் சிப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவு பாதித்தால், வித்தியாசத்தில் அது தெரியாது. எனவே இரண்டு தடங்களும் அருகருகே, ஒரே நீளத்தில், ஒரே மாதிரி ஓட வேண்டும்.

யூஎஸ்பி 2.0இன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 2 நானோநொடிக்குச் சற்று அதிகம். இந்த வேகத்தில் செப்புத் தடம் வெறும் ஒயராக நடந்துகொள்வதில்லை; சிக்னல் அதில் அலையாகப் போகிறது. அலை போகும் வழியெங்கும் இம்பீடன்ஸ் எனப்படும் மின்மறுப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். மாறும் ஒவ்வோர் இடத்திலும் அலையின் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். திரும்பியது அடுத்த பிட்டின் மேல் ஏறிக் குழப்பும். யூஎஸ்பி 2.0 கேபிள் ஜோடிக்கு இந்த மதிப்பு 90 ஓம். 15 சதவீதம் முன்னேபின்னே இருக்கலாம். மதர்போர்டிலும் அதே 90 ஓமுக்குத்தான் தடத்தின் அகலம், இரண்டு தடங்களின் இடைவெளி, கீழே உள்ள கிரவுண்ட் அடுக்குக்கான தூரம் ஆகியவற்றைத் தீர்மானிக்கிறார்கள்.

முன்பக்கப் பாதையில் இந்த 90 ஓம் உடையும் இடங்கள் அதிகம். ஹெடர் பின்கள் ஓர் இடம். கேபிளின் முனையில் முறுக்கைப் பிரித்து ஒயர்களைக் கோக்கும் இடம் இன்னொன்று. சிறு பலகை, சாக்கெட் என்று அது தொடரும். பின்களை ஒழிக்க முடியாது. ஆனால் முறுக்கு பிரிந்திருக்கும் நீளத்தைக் குறைக்கலாம். எட்டு ஒயரும் தனித்தனியாகத் தொங்கும் பழைய கேபிள் டேட்டாவுக்கு ஏன் மோசமானது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அதில் டி பிளஸும் டி மைனஸும் ஜோடியாக ஓடுவதே இல்லை.

மவுஸ் ஏன் ஓடுகிறது என்பதற்கு இரண்டாவது காரணமும் இங்கே இருக்கிறது. சாதாரண மவுஸின் வேகம் நொடிக்கு 1.5 அல்லது 12 மெகாபிட். சிக்னலின் உயரம் சுமார் 3.3 வோல்ட். 480 மெகாபிட்டிலோ உயரம் வெறும் 0.4 வோல்ட்தான்! அலையின் கால்வாசி சிதைந்தாலும் மவுஸுக்குக் கவலையில்லை. பென் டிரைவுக்கு அது பெரிய அடி. பிழை வந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பச் சொல்லிக் கம்ப்யூட்டர் சமாளிக்கும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் அந்தப் பரிமாற்றத்தையே நிறுத்திவிடும். வேகம் குறைவதும் இடையில் துண்டிப்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன. முன்பக்க சாக்கெட்டை மவுஸைச் செருகிப் பார்த்துச் சரி என்று சொல்லிவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

தடம் போடும்போது கவனிக்க வேண்டியவற்றில் மிக முக்கியமானது, ஜோடியின் கீழே உள்ள கிரவுண்ட் அடுக்கு. அது சிப்செட்டிலிருந்து ஹெடர் வரை உடையாமல் இருக்க வேண்டும். சிக்னல் மேலே போனால், அதன் திரும்பும் மின்சாரம் நேர் கீழே உள்ள கிரவுண்டில் வருகிறது. நடுவில் பிளவு இருந்தால் அது சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தச் சுற்று ஓர் ஆன்டெனாவாக மாறிவிடும். நீள வித்தியாசம் சில மில்லிமீட்டருக்குள் இருந்தால் யூஎஸ்பி 2.0க்குப் போதும். ஒரே சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பின்பக்கத்துக்கும் ஒன்றை முன்பக்க ஹெடருக்கும் கொடுத்துவிட்டு, எதில் வேண்டுமானாலும் செருகட்டும் என்று விடுவது கூடவே கூடாது. காலியாக நிற்கும் கிளை ஒரு நல்ல கண்ணாடிபோல அலையைத் திருப்பி அனுப்பும்.

கை படும் இடம்

கம்ப்யூட்டரில் மனிதக் கை அதிகம் தொடும் உலோகம் முன்பக்க சாக்கெட்டாகத்தான் இருக்கும். உடலில் சேரும் நிலைமின்சாரம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எளிதாகப் போகும். அதைச் சோதிக்கும் ஐஇசி 61000-4-2 விதியின் நான்காம் நிலை, தொட்டுப் பாய்ச்சுவதற்கு 8 கிலோவோல்ட், காற்று வழிப் பாய்ச்சலுக்கு 15 கிலோவோல்ட்.

இதற்கு இரண்டு அரண்கள். ஒன்று, சாக்கெட்டின் உலோக உறை கேபினெட்டின் இரும்பை நேரடியாக, அழுத்தமாகத் தொட வேண்டும். விரலிலிருந்து பாய்வது கேபினெட் வழியாகவே போய்விட வேண்டும். கேபிளின் கிரவுண்ட் ஒயரில் ஏறி மதர்போர்டுக்கு வரக் கூடாது. பெயின்ட் பூசிய பரப்பில் உறை பட்டுக்கொண்டிருந்தால் அது தொடுவதாகவே ஆகாது. இரண்டு, டேட்டா தடங்களில் மிகை வோல்டேஜைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடும் பாதுகாப்பு டையோடு. அது சாக்கெட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் சிறு பலகையே இல்லாமல் சாக்கெட்டில் நேரே ஒயரை இணைக்கும் கேபினெட்டுகளும் இருப்பதால், மதர்போர்டிலும் ஹெடரை ஒட்டி ஒன்றை வைத்தே ஆக வேண்டும். அதன் கெபாசிட்டன்ஸ் மிகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காக்க வந்ததே சிக்னலைக் கெடுத்துவிடும்.

யூஎஸ்பி 3.0: கணக்கு இறுகுகிறது

யூஎஸ்பி 3.0 விதி 2008இல் வந்தது. வேகம் நொடிக்கு 5 கிகாபிட், ஒரு பிட்டுக்கு 200 பிக்கோநொடி. மதர்போர்டின் தடத்தில் அந்த நேரத்தில் சிக்னல் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான் நகரும். அனுப்ப ஒரு ஜோடி, பெற ஒரு ஜோடி என்று இரண்டு ஜோடிகள் கூடுகின்றன. பழைய டி பிளஸ், டி மைனஸும் தனியே தொடர்கின்றன. ஹெடரும் மாறியது: 20 இடம், 19 பின், இடைவெளி 2 மில்லிமீட்டர், சுற்றிலும் பிளாஸ்டிக் உறை. அனுப்பும் ஜோடியில் மதர்போர்டு பக்கமே 100 நானோஃபாரட் அளவில் கெபாசிட்டர்கள் வைக்க வேண்டும். மின்சாரமும் 900 மில்லியாம்பியர் ஆகிறது. மேலே போட்ட கணக்கில் 0.5 வந்த இடத்தில் 0.9 போட்டுப் பாருங்கள், இழப்பு 0.38 வோல்ட்டுக்கு மேல் வரும். அதனால் இங்கே தடித்த ஒயரும் மின்தடை குறைந்த சுவிட்ச் சிப்பும் தேவைப்படுகின்றன.

சிப்செட்டிலிருந்து ஹெடர் தூரமாக இருந்தால், நடுவில் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரீடிரைவர் சிப் ஒன்றை வைப்பார்கள். எவ்வளவு கேபிள் வரும் என்று தெரியாத நிலையில் அதன் அளவை அமைப்பது நிதானம் வேண்டிய வேலை. மிகையாகத் தூக்கிவிட்டால் குட்டைக் கேபிளில் கெடும். குறைத்தால் நெட்டைக் கேபிளில் கெடும்.

இன்னொரு பக்கவிளைவும் உண்டு. 5 கிகாபிட் சிக்னலின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. வயர்லெஸ் மவுஸும் புளூடூத்தும் அங்கேதான் பேசுகின்றன, வைஃபையும் அதைப் பயன்படுத்துகிறது. கேபிளின் ஷீல்டு சரியில்லை என்றால், முன்பக்கத்தில் ஹார்டு டிஸ்க் காப்பி செய்யும்போது பக்கத்து சாக்கெட்டில் இருக்கும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறும்.

டைப்-சி முன்பக்கத்துக்கு வந்தபோது ஹெடர் மறுபடி மாறியது. இது ஒரே ஒரு சாக்கெட்டுக்கானது. அதிவேக ஜோடிகளோடு சிசி எனப்படும் இரண்டு ஒயர்களையும் இது கொண்டுபோகிறது. பிளக் எந்தப் பக்கமாகச் செருகப்பட்டது, எவ்வளவு மின்சாரம் தர முடியும் என்பதை அந்த ஒயர்கள்தான் தெரிவிக்கின்றன. கருவி செருகப்பட்டது உறுதியாகும்வரை சாக்கெட்டில் 5 வோல்ட்டே வரக் கூடாது என்பதும் விதி. எனவே 19 பின் ஹெடரிலிருந்து ஒரு கேபிளை மட்டும் மாற்றி டைப்-சி ஆக்கிவிட முடியாது. பக்கத்தை அறிந்து ஜோடிகளை மாற்றிவிடும் சிப் எங்காவது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் 5 கிகாபிட், திருப்பிச் செருகினால் 480 மெகாபிட் என்றுதான் கிடைக்கும்.

சோதிப்பது

தொழிற்சாலையில் முன்பக்க சாக்கெட்டின் வாயிலேயே அளவுக் கருவியை மாட்டி, ஐ டயகிராம் எனப்படும் அலைவடிவத்தை எடுப்பார்கள். ஹெடரில் அளந்து நிறுத்திக்கொண்டால் பாதி வழியைத்தான் அளந்ததாகும். மதர்போர்டு நிறுவனம் விலை குறைந்த, நீளமான கேபிள்கள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றிலும் அளந்து பார்ப்பது நல்ல வழக்கம்.

வீட்டில் பூட்டுபவர், கேபிளை ஹெடரில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரால் சாக்கெட்டின் 5 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் முனையின் முதல் துளை சாக்கெட்டின் 5 வோல்ட் முனைக்குத்தான் போகிறதா என்பதையும் அதே மீட்டரால் உறுதிசெய்யலாம். இரண்டும் சரியென்றால் செருகிவிட்டு, யூஎஸ்பி வோல்ட்மீட்டர் ஒன்றைச் சாக்கெட்டில் மாட்டி, அதன் வழியாக ஹார்டு டிஸ்க்கை ஓடவிடுங்கள். சும்மா இருக்கும்போது 5.0 காட்டுவது ஒன்றையும் சொல்லாது. சில கிகாபைட் கோப்பு ஒன்று காப்பி ஆகும்போது அந்த எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, பின்பக்க சாக்கெட்டிலும் அதையே செய்யுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கேபிளில் போவதுதான். அது அதிகமாக இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது முன்பலகையும் அதன் கேபிளும், மதர்போர்டை அல்ல.